கொடுவாவுக்குக் கையால் செய்த லூர்: முருங்கை மரமா, எவர்சில்வர் கரண்டியா, செருப்பு ரப்பரா?

சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவுக்கு ஊர் திரும்புகிற தம்பிகள் மூன்று பேர் இந்த வருஷம் லூர் பற்றி, அதாவது மீனை ஏமாற்றுகிற போலி இரை பற்றி, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, கடையில லூர் ஒண்ணு நானூறு ஐந்நூறு சொல்றான், ரெண்டாவது வீச்சுலயே கருவேல முள்ளுல போய் மாட்டிக்குது. கையாலயே செஞ்சுக்கலாம்னு பார்க்குறேன், எதை முதல்ல செய்யட்டும்?" அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்றையும் செய்து, ஒரே குட்டையில், ஒரே ராடில் வீசிப் பார்த்த பிறகு எழுதுவது இது.

முதலில் ஒன்று. வீடியோக்களில் 'பாஸ்' என்று காட்டுகிற மீன் அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் குட்டைகளில் அது கிடையாது. நம்மிடம் இருப்பது கொடுவா. ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீன்தான். குடும்பம் வேறு என்றாலும் அந்த பாஸுக்கும் கொடுவாவுக்கும் இரை பிடிக்கிற பழக்கம் கிட்டத்தட்ட ஒன்று. மறைவில் அசையாமல் நிற்கும், இரை பக்கத்தில் வந்ததும் வாயை ஒரே திறப்பாகத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அதனால் அங்கே சொல்கிற லூர் சூத்திரங்களில் பாதி இங்கேயும் பொருந்தும். பொருந்தாத பாதி நம் காற்று, நம் உப்பு, நம் சீமைக்கருவேலம்.

சோதித்த தண்ணீர்

தேவிபட்டினம் பக்கம் என் மச்சானுக்கு ஒரு பழைய இறால் குட்டை இருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. மடைக்குப் பக்கத்தில் நெஞ்சளவு ஆழம், மற்ற இடத்தில் இடுப்பளவு. கடல் ஏற்றத்தில் வெள்ளம் ஏறும்போது மடையைத் திறந்தால் உப்பங்கழித் தண்ணீர் உள்ளே வரும். இறாலில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு கொடுவாக் குஞ்சு வாங்கி விட்டார். (1997-ல் சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கொடுவாவைத் தொட்டியில் வைத்தே இனப்பெருக்கம் செய்ய வைத்துக் காட்டியது, அதற்குப் பிறகுதான் பொரிப்பகத்துக் குஞ்சு நம் ஆட்களுக்கு எட்டியது.) இப்போது அதில் முக்கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கிறது. வடக்குக் கரை முழுக்கக் கருவேலம், கிளை தண்ணீருக்குள் தொங்கும். மேற்கு மூலையில் பாசி.

தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் கிடக்கும் 61 நாளில், மச்சானுக்கும் ஓய்வு, எனக்கும் போகப் பொழுது. விடியலிலும் மசங்குகிற நேரத்திலும் போய் ஒவ்வொரு லூரையும் மொத்தம் 60 முறை வீசினேன். பத்துப் பத்து வீச்சாக, வரிசையை மாற்றி மாற்றி. இந்த மாற்றுதல் முக்கியம். எந்த லூரை முதலில் வீசுகிறீர்களோ அதற்குத்தான் கடி அதிகம் விழும், ஏனென்றால் மீன் அதுவரை எதையும் பார்த்து மிரளவில்லை. "என் லூர்தான் பெஸ்ட்" என்று சொல்கிற பாதிப் பேர் அதை முதலில் வீசியவர்கள்.

எதை வைத்து எடை போடுவது

லூரின் அழகு கணக்கிலேயே வராது. கண்ணும் செதிலும் வரைகிற நேரத்தை மிச்சம் பிடியுங்கள். நான் பார்த்தது இவைதான்: தண்ணீரில் உயிருள்ளது போல் ஆடுகிறதா, கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது போய்ச் சேருகிறதா, கருவேலக் கிளையிலும் பாசியிலும் மாட்டாமல் திரும்பி வருகிறதா, கடித்த மீன் கரைக்கு வருகிறதா. கடைசியாக, அதைத் தொலைத்தால் எவ்வளவு வலிக்கும்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கையால் செய்தால் இலவசம் என்று நினைக்கிறோம். மரம் இலவசம், செருப்பு இலவசம், கரண்டி பழசு, சரி. ஆனால் தூண்டில் முள் இலவசமில்லை. மும்முள் (மூன்று நுனி உள்ள முள்), வளையம், சுழலி (நூல் முறுக்காமல் சுழல்கிற இணைப்பு), ஈயம் என்று எந்த லூரிலும் பணம் போகிற இடம் உலோகம்தான். அதோடு உங்கள் நேரம். பத்து நாள் லீவில் வருகிறவருக்கு ஐந்து மணி நேரம் என்பது இரண்டு விடியல்.

இன்னொரு செலவு மூன்றுக்கும் பொது. கொடுவாவின் பல் பூனை நாக்கு மாதிரி வெறும் சொரசொரப்பு, அது நூலை அறுக்காது. அறுப்பது செவுள் மூடி. அதன் ஓரம் பிளேடு. மீன் தலையை உதறும்போது பிரெய்டு நூல் (பின்னிய நூல்) அதில் ஒரு தடவை உரசினால் போதும், லூரோடு போய்விடும். கை நீளத்துக்கு 0.6 மில்லிமீட்டர் தங்கூசியை (நைலான் நரம்பை) முன்னால் கட்டுங்கள். பிடித்த மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள்.

கல்யாண முருங்கை மர லூர்

வேலி ஓரத்தில் நிற்கிற கல்யாண முருங்கைதான், காய் பறிக்கிற முருங்கை இல்லை; இனி முருங்கை என்று சொல்வதெல்லாம் இதைத்தான். காய்ந்தால் தக்கை போல் லேசு, பேனாக்கத்தியில் வெண்ணெய் மாதிரி சீவலாம். ஆனால் பச்சையில் சீவினால் பிறகு வெடிக்கும். மூன்று வாரமாவது நிழலில் காய வேண்டும், இது முதல் மறைமுகச் செலவு.

9 சென்டிமீட்டர் நீளம், நடுவில் கட்டைவிரல் பருமன், வாலுக்குப் போகப் போக ஒடுக்கம். தாடைக்குக் கீழே பழைய சி.டி.யிலிருந்து வெட்டிய சின்ன உதடு. அந்த உதடுதான் லூரின் உயிர். சரிவாக, 45 பாகைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு முழம் ஆழத்தில் நெளிந்துகொண்டு வரும். உடம்புக்கு நேர் கோட்டில் நீட்டி வைத்தால் ஆழம் போகும், நம் குட்டைகளுக்கு அது வேண்டாம். வயிற்றில் ஈயம் வைக்காவிட்டால் மல்லாந்து படுத்துக்கொள்ளும்.

ஈயம் எவ்வளவு என்பதைப் புத்தகம் பார்த்து வைக்க முடியாது. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஈயக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, லூரின் அடியில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு முழ நூலில் கட்டிக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கம்மியாக இருந்தால் குப்புற உருளும். கூடிவிட்டால் கட்டை மாதிரி நேராக வரும், ஆட்டமே இருக்காது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் நூலைப் பிடித்த விரலில் 'டக் டக் டக்' என்று ஒரு துடிப்பு தெரியும், குஞ்சு மீனைக் கையில் பொத்திப் பிடித்தது மாதிரி. அது வந்த பிறகுதான் துளை போட்டு ஈயத்தை உள்ளே இறக்க வேண்டும். எனக்கு இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை நான் ரொம்பவும் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் செய்த மர லூரில் முள்ளைத் தொங்கவிடச் சின்னத் திருகு வளையங்களை மரத்தில் முடுக்கினேன். மூன்றாம் நாள் மடை ஓரத்தில் ஒரு நல்ல மீன் கடித்தது. ராடு வளைந்தது, ரீல் கத்தியது, அப்புறம் திடீரென்று ஒன்றுமில்லை. லூர் திரும்பி வந்தது. வால் பக்கத்துத் திருகு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை, அதைச் சுற்றி ஈரம் ஊறிப் பஞ்சாகிப்போன மரம். மும்முள் அந்த மீனின் வாயோடு போய்விட்டது. அது எனக்கு இரண்டு நாள் மனதை அறுத்தது. முருங்கை மரத்தில் திருகு நிற்காது, அதிலும் உப்புத் தண்ணீர் ஊறினால் நிற்கவே நிற்காது. அடுத்ததில் வயிற்றை நீளவாக்கில் அறுத்து, எவர்சில்வர் கம்பியை மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பியாக ஓடவிட்டு, அரால்டைட் போட்டு மூடினேன். மரம் இரண்டாக உடைந்தாலும் முள்ளும் நூலும் பிரியாது. மர லூர் செய்வதாக இருந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும், சுருக்கு வழி தேடாதீர்கள்.

பலன்? மூன்றிலும் கடி அதிகம் விழுந்தது இதற்குத்தான். இழுத்து நிறுத்தினால் மெல்ல மேலே மிதந்து எழும், அந்த எழும் நொடியில்தான் கொடுவா அடிக்கும். கிளையில் மாட்டப்போகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், தானே மேலே வந்துவிடும். எதிர்க்காற்றில் மட்டும் பரிதாபம். 14 கிராம், அகலமான உடம்பு, காற்று தூக்கிப் பக்கத்தில் போட்டுவிடும்.

எவர்சில்வர் கரண்டி

சாப்பிடுகிற கரண்டியின் காம்பை ஆக்ஸா பிளேடால் அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் சுழலி, மறுபக்கம் முள். அவ்வளவுதான். 40 நிமிஷம்.

ஆனால் எவர்சில்வரில் ஓட்டை போடுவது தகரத்தில் போடுவது மாதிரி இல்லை. வேகமாக ஓட்டினால் சூடேறி இன்னும் இறுகிவிடும், டிரில் பிட் மழுங்கும். ஆணியால் ஒரு குழி தட்டி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெதுவாக அழுத்திப் போடுங்கள். நான் இரண்டு பிட்டை வீணாக்கிய பிறகு கற்றது. வீணான பிட்டின் விலை ஒரு கடை லூரின் விலையில் கால் பங்கு.

கரண்டி கனமாக இருக்க வேண்டும், பழைய காலத்துக் கரண்டி. இப்போது வருகிற மெல்லிய தகடு சருகு மாதிரி பறக்கும். வால் பக்கத்தைக் குறடால் லேசாக வளைத்துத் தொட்டியில் இழுத்துப் பாருங்கள். இடதும் வலதுமாக ஆட வேண்டும். முழுச் சுற்றுச் சுற்றினால் வளைவு அதிகம் என்று அர்த்தம். அது நூலை முறுக்கிவிடும், சுழலி இருந்தாலும் முறுக்கும்.

கச்சான் அடிக்கிற வைகாசி சாயங்காலத்தில் மற்ற இரண்டும் பாதிக் குட்டை கூடப் போகாதபோது இது நேராக எதிர்க்கரைக்குப் போய் விழுந்தது. 18 கிராம், கையடக்கம், காற்றை அறுத்துக்கொண்டு போகும். கலங்கல் தண்ணீரிலும் வெயில் பட்டால் மின்னும். குறை என்னவென்றால் நிறுத்தினால் மூழ்கும். இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்த நொடியே சுற்றத் தொடங்காவிட்டால் சேற்றில் கிடக்கிற கருவேல முள் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கரண்டி அப்படிப் போயிற்று. பிறகு மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மேல் நோக்கி மாட்டினேன், சிக்கல் பாதிக்கு மேல் குறைந்தது.

செருப்பு ரப்பர்த் தவளை

பழைய ஹவாய் செருப்பின் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கும், முன்பக்கம் கனம் இருக்கும். அதுவும் பெருவிரலுக்குப் பக்கத்தில் வார் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதை நடுவாக வைத்து வெட்டினால் இரட்டை முள்ளின் தண்டு அதற்குள் போய்விடும், புதிதாகத் துளைக்க வேண்டியதில்லை. மீதி இடைவெளியில் ரப்பர் பிசின். முள்ளின் இரு நுனியும் மேல் பக்கம் முதுகை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். பின்னங்காலுக்குச் சாக்கு நூல். வால் பக்கம் கொஞ்சம் ஈயம், வீசுவதற்குக் கனம் வேண்டுமே.

நிறம் பற்றி ரொம்பக் கேட்கிறார்கள். மேலே மிதப்பதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மீனுக்குத் தெரிவது வானத்துக்கு எதிரே ஒரு கறுத்த உருவம்தான். நீலச் செருப்பா சிவப்புச் செருப்பா என்பது உங்கள் வீட்டில் எது அறுந்தது என்பதைப் பொறுத்தது.

பாசிக்கு மேலே வீசி, பாசி மேலேயே இழுத்துக்கொண்டு வரலாம். ஒரு தடவைகூட மாட்டவில்லை. கொடுவா தண்ணீர் மட்டத்தில் அடிக்கிற சத்தம் இருக்கிறதே, பனம்பழம் விழுந்த மாதிரி 'தொப்' என்று, அதற்காகவே இதை வீசலாம். ஆனால் அடித்ததில் மூன்றில் ஒன்றுதான் கரைக்கு வந்தது. முள் முதுகோடு ஒட்டி மறைந்திருப்பதால் மாட்டாமல் காப்பாற்றுகிற அதே ஏற்பாடு மீனையும் காப்பாற்றிவிடுகிறது. சத்தம் கேட்டதும் ராடை வெட்டி இழுக்காமல், கனம் கையில் தெரிந்த பிறகு இழுக்கப் பழக வேண்டும். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

| | முருங்கை மரம் | கரண்டி | செருப்புத் தவளை |
|---|---|---|---|
| வீச்சு | 60 | 60 | 60 |
| கடி | 11 | 8 | 9 |
| கரைக்கு வந்தது | 6 | 5 | 3 |
| தொலைந்த லூர் | 1 | 2 | 0 |
| எனக்கு ஆன செலவு (ஒன்றுக்கு) | சுமார் 90 ரூபாய் | சுமார் 60 ரூபாய், பிட் தனி | சுமார் 35 ரூபாய் |
| நேரம் | 5 மணி, காய 3 வாரம் | 40 நிமிஷம் | 1 மணி |
| எதிர்க்காற்றில் | மோசம் | நன்று | சுமார் |
| பாசியில் | ஆகாது | ஆகவே ஆகாது | இதுதான் |

ஒரு குட்டையில் ஒரே பருவத்தில் வீசியது இது. இரண்டு மூன்று கடி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பாடமாக இருந்தது.

கோழி இறகும் ஈயத் தலையும் கட்டிச் செய்கிறதையும் சிலர் கேட்டார்கள். ஆழத் தண்ணீருக்கு நல்லது. இடுப்பளவுக் குட்டைக்கு வேண்டாம். ஈயம் உருக்குவதாக இருந்தால் வெட்டவெளியில், சமையல் பாத்திரம் எதையும் தொடாமல் செய்யுங்கள்.

துருப்பிடிக்கிற முள்ளா, பிடிக்காததா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் என்பதால் முதலில் எவர்சில்வர் மும்முள்தான் வாங்கினேன். விலை கூட, ஆனால் வருஷக்கணக்கில் வரும். கரண்டி ஒன்று தொலைந்த அன்று மச்சான் கேட்டார்: "மாப்ள, அந்த முள்ளு எத்தனை நாள்ல துருப்பிடிக்கும்?" பிடிக்காது என்றேன், பெருமையாகத்தான். "அப்ப என் குட்டையில அது வேணாம். வலை இழுக்குறவங்க வெறுங்காலோட எறங்குறாங்க."

அதற்குப் பிறகு முலாம் பூசிய சாதாரண முள்தான். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், இருந்தும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். செலவுதான். ஆனால் சேற்றில் கிடந்தால் நாளடைவில் உளுத்து உதிர்ந்துவிடும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கிற சின்னக் கூரையும் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதாக இருந்தால் அதற்கு நல்லது, உங்கள் விரலில் ஏறினாலும் நல்லது. நூலை இறுக்கமாகவே வைத்திருந்தால் மீன் அதனால் தப்புவதில்லை.

யாருக்கு எது

உங்கள் தண்ணீர் கண்மாயா, மீன் விராலா? யோசிக்கவே வேண்டாம், செருப்புத் தவளை. விராலுக்குப் பல் உண்டு, நாலைந்து மீனில் ரப்பர் கிழியும், இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். செக்கச் செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மிதந்து போகும்போது மட்டும் வீசாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் காக்கும், எதை வீசினாலும் அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. கண்மாய் மீனைக் குத்தகை எடுத்தவர் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கரையில் மரமில்லாத திறந்த குட்டை, காற்று அதிகம், தண்ணீர் கலங்கல் என்றால் கரண்டி. வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்து உப்பங்கழிகள் பெரும்பாலும் இப்படித்தான். ஒன்றுக்கு நாலாகச் செய்து வையுங்கள், தொலையும்.

தண்ணீர் தெளிவு, மீன் அடிபட்டு மிரண்டது, கரையில் கிளை தொங்குகிறது, உங்களிடம் பொறுமையும் நாளும் இருக்கிறது என்றால் மரம். நான் இப்போது காற்றில்லாத விடியலில் அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

இடம் தேடுகிறவர்களுக்கு ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் ராடைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காரங்காடு அலையாத்திக் காடும் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிற இடம், அங்கே படகில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வீசுவதைச் சொந்தக்காரர் குட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாள் லீவில் வருகிற தம்பிக்கு என் கணக்கு இது: வந்த அன்றே கரண்டி இரண்டு, மறுநாள் செருப்புத் தவளை ஒன்று, மூன்றாம் நாள் விடியலில் தண்ணீரில் இருக்கலாம். ஊர் திரும்புவதற்கு முன்னால் கட்டைவிரல் பருமனை விடக் கொஞ்சம் தடித்த முருங்கைக் கிளை நாலைந்து வெட்டி, பட்டையை உரித்து, மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த லீவுக்குள் காய்ந்திருக்கும்.